ரெண்டாயிரம் ரூபாய், ரெண்டு நாள், சென்னை: எந்தப் பக்கம் போவது?

போன வாரம் அக்கா மகன் தென்காசியிலிருந்து போன் செய்தான். "சித்தி, வெள்ளிக்கிழமை கல்யாணம் முடிஞ்சிரும். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் உங்க வீட்லதான் இருப்போம். ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டாயிரம் ரூவா எடுத்து வச்சிருக்கோம். மெட்ராஸச் சுத்திப் பாக்க அது பத்துமா?"

தாராளமாகப் பத்தும் என்றேன். எங்கே போகலாம் என்பதைச் சாயங்காலம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்தேன். அவனும் அவன் மனைவியும் இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. நன்றாகச் சாப்பிட வேண்டும், பழைய ஊரைப் பார்க்க வேண்டும், கடலில் கால் நனைக்க வேண்டும். குற்றாலத்துப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அருவி அலுத்திருக்கும், கடல் அலுத்திருக்காது.

தீம் பார்க், மால் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். இரண்டு பேர் தீம் பார்க் போனால் டிக்கெட்டே கையிருப்பைக் கரைத்துவிடும். மால் எந்த ஊரிலும் மால்தான். அந்த இரண்டையும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் முன்னால் இருந்தவை மூன்று வழிகள்: மயிலாப்பூரும் மெரினாவும், ஜார்ஜ் டவுனும் சவுகார்பேட்டையும், தெற்கே திருவான்மியூரும் பெசன்ட் நகரும். இரண்டு நாளில் மூன்றையும் அடக்கப் பார்த்தால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எதுவும் மனதில் நிற்காது.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயம். ஏழெட்டு வருஷத்துக்கு முன் ஒரு மே மாதம் இவன் அம்மாவையும் அத்தானையும் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. மணி பன்னிரண்டரை. நிழலே இல்லாத சாலையில் நடந்து அக்காவுக்குத் தலை சுற்றியது. ஆட்டோ பிடித்து ஒரு ஏசி ஹோட்டலுக்குள் ஒதுங்கினோம். பசியே இல்லாமல் சாப்பிட்டோம். அங்கிருந்து வீட்டுக்கு இன்னொரு ஆட்டோ. அன்றைக்கு 1,400 ரூபாய் போனது, பார்த்தது பூட்டிய கதவு.

அன்றிலிருந்து எனக்கு ஒன்று தெளிவு. இந்த ஊரில் சாப்பாடு மலிவு, கோயிலும் கடலும் இலவசம், பஸ்ஸும் ரயிலும் இன்னும் ஐந்து ரூபாயில்தான் தொடங்குகின்றன. காசைப் பிடுங்குவது வெயில். காலை பத்து மணிக்கு மேல் சாயங்காலம் நாலு மணி வரை வெளியே மாட்டிக்கொண்டவர் நிழலுக்கும் குளிர்ச்சிக்கும் காசு கொடுத்துக்கொண்டே இருப்பார். அதனால் எந்த இடம் உசத்தி என்று நான் பார்ப்பதில்லை. எந்த இடத்துக்கு எந்த மணி பொருந்தும் என்றுதான் பார்க்கிறேன்.

முதலில் போக்குவரத்து. எங்கள் வீடு வேளச்சேரி என்பதால் பறக்கும் ரயில் கை கொடுக்கும். 1995-இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய தடம், 2007-இல் வேளச்சேரி வரை நீண்டது. பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண் நட்டுக் கட்டியது. கால்வாய் இன்று பார்க்கும் நிலையில் இல்லை, ஆனால் அந்த உயரத்தில் வாசல்பக்கம் காற்று வாங்கிக்கொண்டு அடையாற்றைத் தாண்டும்போது ஊர் அழகாகவே தெரியும். என் மூன்று வழிகளும் இந்த ஒரே தடத்தில் கோத்தவை: திருவான்மியூர், திருமயிலை, கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, கோட்டை, கடற்கரை. முழுத் தூரத்துக்கும் டிக்கெட் 10 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு என்பதால் நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். மெட்ரோ 10 ரூபாயில் தொடங்கி 50 வரை போகும். நடுப்பகல் வெயிலில் எழும்பூர் போன்ற இடத்துக்குப் போக அது நல்ல செலவு. பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் டிக்கெட்டே கிடையாது. தோழிகள் நாலு பேர் சேர்ந்து வந்தால் ரயிலை மறந்துவிட்டுப் பஸ்ஸிலேயே ஊரைச் சுற்றலாம்.

இனி மயிலாப்பூர். இது விடியற்காலை ஊர். ஆறரை மணிக்குத் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மாட வீதிகளில் பூக்காரர்கள் கூடையைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கபாலீசுவரர் கோயிலுக்குள் தரை குளிர்ந்திருக்கும். புன்னை மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரலாம். பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது போன பிறகு இப்போதைய இடத்தில் கட்டினார்கள் என்றும் சொல்வார்கள். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த ஊரின் விழாக்களை மாதவாரியாகப் பாடி வைத்திருக்கிறார். ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்தப் பட்டியல் போகும். அவற்றில் பலவற்றை அதே ஊரில் இன்றும் நின்று பார்க்கலாம், அதுவும் காசில்லாமல். எனக்கு மயிலாப்பூரின் பெரிய ஈர்ப்பே இதுதான்.

காலைச் சாப்பாட்டுக்கு அங்கே மூன்று வகை உண்டு. உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டுமென்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். இட்லி, பொங்கல், கெட்டிச் சட்னிதான் முக்கியம் என்றால் அருண்டேல் தெருப் பக்கம் ராயர் மெஸ். இடம் சின்னது, ஞாயிறு காலையில் காத்திருக்க வேண்டும், காத்திருக்கலாம். நின்றுகொண்டே சாப்பிடச் சம்மதமென்றால் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயருக்கேற்ப வீட்டு ஜன்னல் வழியாகவே தட்டு வரும். மூன்றில் ஜன்னல் கடைதான் மலிவு, எனக்குப் பிடித்ததும் அதுதான். சிக்கனத்திலும் சிக்கனம் வேண்டுமென்றால் ஊர் முழுக்க அம்மா உணவகம் இருக்கிறது. 2013-இல் தொடங்கியபோது வைத்த விலைகள்: இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து ரூபாய். அவசரத்துக்குக் கை கொடுக்கும் இடம் அது. ஊர் பார்க்க வந்த பிள்ளைகளுக்கு ஒரு வேளையாவது மெஸ் சாப்பாடு போட வேண்டும் என்பது என் ஆசை.

சாப்பிட்ட பிறகு வெயில் ஏறும் முன் லஸ் தேவாலயத்தைப் பார்த்துவிடலாம். 1516-இல் போர்த்துக்கீசியர் கட்டியது. காட்டுக்கோயில் என்று பழையவர்கள் சொல்வார்கள். அப்போது அங்கே காடு இருந்ததற்கு அந்தப் பெயர் ஒன்றே சாட்சி. சாந்தோம் பேராலயம் கடலுக்குப் பக்கத்தில். புனித தோமாவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் இடம். ஒன்பதரைக்கு நடை முடிந்துவிட வேண்டும்.

மயிலாப்பூரின் மறுபாதி மெரினா. அதைச் சாயங்காலத்துக்கு வைப்பதே நல்லது. கடற்காற்று மத்தியானத்துக்கு மேல்தான் உள்ளே வரும்; நாலரை மணிக்கு மெரினாவில் இறங்குகிறவருக்கு மின்விசிறி தேவைப்படாது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்த 1880-களில் போட்ட நடைபாதை இது. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம். கலங்கரை விளக்கத்துக்குள் லிப்ட் உண்டு, சின்னக் கட்டணத்தில் மேலே போய் ஊரையும் கடலையும் சேர்த்துப் பார்க்கலாம். திங்கள்கிழமை விடுமுறை. நடுவில் விவேகானந்தர் இல்லம் இருக்கிறது. 1840-களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். சாப்பிடத் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், மிளகாய் பஜ்ஜி. கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது. மெரினாவில் அடியில் இழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோயிருக்கிறது. இதை மட்டும் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டாவது வழி ஜார்ஜ் டவுன். மயிலாப்பூரில் ஊரின் பக்தியைப் பார்க்கலாம் என்றால் இங்கே ஊரின் வயிற்றுப்பிழைப்பைப் பார்க்கலாம். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் முந்திரி, பாதாம், மளிகை. தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். 1677-இல் சிவாஜி வந்து வணங்கினார் என்று சொல்வது வழக்கம். கொஞ்ச தூரத்தில் அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் தேவாலயம். இந்த ஊரில் ஆர்மீனியக் குடும்பங்கள் இன்று அநேகமாக இல்லை. ஆனால் உலகின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை 1794-இல் இந்தச் சென்னையில்தான் அச்சானது. அந்த முற்றத்தில் கல்லறைக் கற்களுக்கு நடுவே நிற்கும்போது வெளியே லாரி ஹாரன் காதைப் பிளக்கும், உள்ளே அமைதி. பிற்பகலில் பூட்டிவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போக வேண்டும்.

சாப்பாட்டை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் மூன்று வழிகளில் ஜார்ஜ் டவுன்தான் முதலில் வரும். காரணம், இங்கே சாப்பாடே வரலாறு. பர்மாவில் 1962-இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசுடைமையாக்கியதும் அங்கிருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். பிழைப்புக்கு வழி செய்ய 1969-இல் கடற்கரை நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்தது. அவர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோ இன்றும் அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் கிடைக்கிறது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், நறுக்கிய முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், பூண்டெண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். முதல் வாய்க்குப் புதிதாக இருக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும். வட இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் சவுகார்பேட்டையில் தங்கசாலைத் தெரு: காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும், தெருவோரத்தில் ரொட்டிக்குப் பதில் முறுக்கு வைத்த சாண்ட்விச். என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய்யில் மிதக்கும் பொடி இட்லி. ஆளுக்கு ஒரு தட்டு என்று வாங்காமல் இருவருக்கும் ஒரு தட்டு என்று வாங்கினால் நாலைந்து கடை ஏறலாம், காசும் நிற்கும்.

குறை இல்லாமல் இல்லை. நடைபாதை கிடையாது, மீன்பாடி வண்டிகளுக்கு நடுவே தோளை ஒடுக்கி நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் நான் அங்கே கூட்டிப்போக மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனால் பாதிக் கடைகள் மூடியிருக்கும். கூட்டம் இல்லாத ஜார்ஜ் டவுன் உப்பில்லாச் சோறு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிதான் சரியான நேரம். அப்படிப் போனால் ஆர்மீனியர் தேவாலயம் கிடைக்காது. சாப்பாடா, தேவாலயமா என்று வந்தால் முதல் தடவை வருகிறவர்களுக்குச் சாப்பாடு என்பேன்.

மூன்றாவது வழி தெற்குப் பக்கம். திருவான்மியூரில் மருந்தீசுவரர் கோயில், பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமி கோயிலும் வேளாங்கண்ணி தேவாலயமும், எலியட்ஸ் கடற்கரையில் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம். நீரில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிரை விட்ட டென்மார்க்காரர் அவர். இந்தக் கடற்கரை மெரினாவைவிடச் சின்னது, சுத்தமானது, உட்கார்ந்து பேச நல்லது. பார்க்க என்று பெரிதாக ஒன்றும் இல்லை. 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்ரா இங்கேதான் இருக்கிறது, ஆனால் மரத்தடி வகுப்புகளைப் பார்க்க வார நாள் காலையில் வர வேண்டும். சனி ஞாயிறு வரும் இவர்களுக்கு அது பயன்படாது. சாப்பாட்டுக் கடைகளில் விலையும் மயிலாப்பூரைவிட ஒரு படி கூடுதல். அதனால் இந்த வழியை நான் மூன்றாவதாகத்தான் வைத்திருந்தேன்.

மீதி இருப்பது நடுப்பகல். இதைக் காசில்லாமல் கடத்தத் தெரிந்தவர்தான் சென்னையில் சிக்கனமாகச் சுற்றத் தெரிந்தவர். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் இதற்கென்றே இருப்பது போல எனக்குத் தோன்றும். 1851-இல் தொடங்கியது. கட்டணம் ஒரு காபி விலையைச் சுற்றித்தான். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் அந்தச் சிலையின் புகைப்படங்களை மட்டும் பார்த்தே உருகி எழுதினார். நமக்கு ரயில் டிக்கெட் விலையில் நேரிலேயே பார்க்கக் கிடைக்கிறது. தலைக்கு மேல் வெயில் காய்கையில் அந்த அரையிருட்டில் ஒரு மணி நேரம் அவர் முன்னால் நின்றுவிட்டு, அமராவதிச் சிற்பங்களுக்குப் போகலாம். இங்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. இன்னொரு வழி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்: 2010-இல் திறந்தது, ஏசி, இலவசம், நாள் முழுக்க உட்காரலாம். பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் நூலகம். இரண்டு நாள் மட்டும் இருக்கும் ஜோடிக்கு அருங்காட்சியகம். பூங்கா என்றால் கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா போதும். எதிர்ப்பக்கம் 2024-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் கட்டணம் கூடுதல், விளையாட்டுகளுக்குத் தனிக் காசு. குழந்தை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

வேறு மாதத்தில் வருகிறவர்களுக்கு என் பதில் மாறும். மார்கழியில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், மயிலாப்பூர்தான். சபாக்களில் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். மத்தியானம் பாடும் இளம் கலைஞர்களின் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். மத்தியானப் பொழுதும் குளிர்ச்சியாகக் கழிந்துவிடும், கேன்டீன் சாப்பாடும் கிடைக்கும். பொங்கலை ஒட்டி வந்தால் சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் தெருவுக்கே வரும், புத்தகக் காட்சியும் உண்டு (புத்தகக் காட்சிக்குள் போனபின் சிக்கனம் பேசுவது கஷ்டம்). பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் போனால் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் அன்னதானமும், பையில் கை வைக்கவே விடமாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை பார்த்துத்தான் எதுவும். அக்னி நட்சத்திரத்தில் வருவதானால் காலை ஒன்பதுக்குள் ஒன்று, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒன்று, அவ்வளவுதான்.

இப்போது மாசி முடியப் போகிறது. வெயில் ஏற ஆரம்பித்தாலும் விடியலும் இரவும் இன்னும் இதமாக இருக்கின்றன. சாயங்காலம் அவனைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை வீட்டில் சாப்பிட்டுவிட்டு பத்து மணிக்குக் கிளம்பி எழும்பூர் அருங்காட்சியகம், ஐந்து மணிக்கு ஜார்ஜ் டவுன் போய் ராச்சாப்பாடு முழுக்கத் தெருவிலேயே. ஞாயிறு விடியலில் மயிலாப்பூர், மத்தியானம் வீட்டில் தூக்கம், சாயங்காலம் மெரினா. என் கணக்கில் இருவருக்கும் பயணம் 200 ரூபாய்க்குள், சாப்பாடு இரண்டு நாளைக்கும் 900, நுழைவுக் கட்டணம் 100. மீதிக்கு அவள் மாட வீதியில் ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

"சரி சித்தி" என்றவன் கொஞ்சம் தயங்கினான். பக்கத்திலிருந்து அவள் குரல். பிறகு, "சித்தி, இவ ஆமை முட்டையிடுறத பாக்கணும்னு சொல்லுதா. மெட்ராஸ்ல பாக்கலாமாமே?"

பார்க்கலாம். கடலோரத்தில் இருந்தும் எனக்கு அது முதலில் தோன்றவில்லை. ஆலிவ் ரிட்லி என்று பத்திரிகைகள் எழுதும் ஆமைக்கு நம் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. முட்டையிட வரும் காலம் இதுதான். 1988-லிருந்து மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் இரவெல்லாம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துப் பாதுகாக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். கடலை நோக்கிப் போக வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஊருக்குள் வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்தப் பாடு. ஆமை கண்ணில் படும் என்று உறுதி கிடையாது. ஒரு தடம்கூடப் பார்க்காமல் விடிந்துவிடவும் கூடும்.

அதனால் தெற்குப் பக்கம், கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது. சனிக்கிழமை பகலில் எழும்பூர் மட்டும். ஜார்ஜ் டவுனை விட்டுவிட்டோம். ராத்திரி முழுக்க மணலில் நடக்கப் போகிறவர்கள் சாயங்காலம் கூட்டத்தில் இடிபடக் கூடாது. அத்தோவை அவன் அடுத்த தடவை சாப்பிடட்டும். ராத்திரி ஆமை நடை. ஞாயிறு மத்தியானம் வரை தூக்கம், நாலு மணிக்குக் கோயில் நடை திறந்ததும் மயிலாப்பூர், அங்கிருந்து மெரினா. விடியற்காலை மயிலாப்பூரும் ஜன்னல் கடை இட்லியும் போய்விடுவதில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவள் கேட்டதில்தான் எனக்கு நிறைவு.

அந்த வாரம் நடை உண்டா என்று இன்று கேட்டு வைக்கப் போகிறேன். இருட்டுக்குப் பழக வேண்டும், டார்ச் அடிக்கக் கூடாது, தண்ணீர் பாட்டில் கையில் வேண்டும், மணலில் நடக்கச் சரியான செருப்பு வேண்டும் என்று அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். நானும் அவர்களோடு நடக்கிறேன்.